இருநூற்று நாற்பத்து நாலு செல்

நாலு செல் போட வேண்டிய பொம்மைக் காரில் ஆறு செல் போட்டேன். அது நாளைக்குப் போய்விட்டு வந்தது. விஷயம் இவ்வளவுதான். கேட்கிறவர்கள் எல்லாரும் எப்படி, ஏன் என்று பிடித்துக்கொள்கிறார்கள். எனக்குத் தெரியாது. நாற்பது வருஷம் மோட்டாருக்குக் காயில் கம்பி சுற்றியவன் நான், தெரிந்தால் சொல்லியிருப்பேன்.

நெடுந்தருவையில் ஒரே தெருதான், தெருவுக்கு ஒரு பக்கம் வீடுகள், மறுபக்கம் கண் எட்டுமட்டும் உப்புப் பாத்திகள், பாத்திகளுக்கு நடுவே வாரிக் குவித்த உப்பு வீட்டு உயரத்துக்கு அம்பாரமாக நிற்கும், அம்பாரத்துக்கு அந்தப் பக்கம் என் மோட்டார் ஷெட், இந்தப் பக்கம் என் வீடு, வீட்டு ஜன்னலோரக் கட்டிலில் என் பெண்டாட்டி சண்முகவடிவு. அவளுக்கு இருதயத்தில் வால்வு கெட்டுப்போயிருந்தது. அறுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ஆடி தாண்டுவது கஷ்டம் என்று டாக்டர் என்னை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டுச் சொன்னார். நான் அவளிடம் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. எங்களுக்குப் பிள்ளை கிடையாது.

ஒரு நாளைக்கு மூன்று தடவை மாத்திரை. ஷெட்டுக்கும் வீட்டுக்கும் நடக்க என் முழங்கால் விடவில்லை. ரிமோட்டில் ஓடும் சின்னக் கார் ஒன்று ஷெட்டில் கிடந்தது, ரிப்பேருக்குக் கொடுத்த லாரிக்காரன் திரும்பி வரவேயில்லை. அதன் மேல் ஒரு தகர டப்பா கட்டி, மாத்திரையைப் போட்டு, வீட்டுக்கு ஓட்டிப் பார்த்தேன். நாலு செல்லுக்கு அது அம்பாரத்தடி மணலில் புதைந்து நின்று அழுதது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. இன்னும் இரண்டு பென்சில் செல்லைத் தலையும் வாலுமாகச் சேர்த்து, ஈயம் வைத்து, சைக்கிள் டியூபை வெட்டி இறுக்கி, அதன் முதுகில் ஏற்றினேன்.

துள்ளிக்கொண்டு போனது. அம்பாரத்துக்குப் பின்னால் மறைந்தது. ஒரு டீ குடிக்கிற நேரம் கழித்து, போன தடத்திலேயே திரும்பி வந்தது. சக்கரம் நாலிலும் கறுப்புச் சேறு. தை மாதத்திலிருந்து எங்கள் ஊரில் ஒரு சொட்டு மழை இல்லை. டப்பா காலி. வீட்டுக்கு நடந்து போய்க் கேட்டால், காரும் வரவில்லை, மாத்திரையும் வரவில்லை என்றாள் வடிவு.

மறுநாள் காலை பத்து மணிக்கு அரை மணி நேரம் மழை கொட்டியது. மாத்திரை அடுப்படி வாசலில் கிடந்தது.

"நேத்து அனுப்பின மாத்திரை இன்னைக்கு வந்திருக்கு பாத்துக்கிடுங்க," என்றாள் வடிவு. ஊதித் தூசி தட்டி, வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள்.

அந்த மழையில் மூன்று பாத்தி உப்பு கரைந்துபோனது. உப்பளத்துக்கு மேஸ்திரி லிங்கதுரை, என்னைவிட இருபது வயது சின்னவன், வானத்தையும் வருணனையும் வருணன் வீட்டுப் பெண்களையும் திட்டிக்கொண்டு ஷெட்டுக்கு வந்தான்.

"நேத்தே தெரியும்," என்றேன்.

"தெரியுமா? பொறவு ஏன் அண்ணாச்சி சொல்லல?"

"நீ கேக்கலியே."

அன்றிலிருந்து கேட்டார்கள். தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு லிங்கதுரை ஒரு வெள்ளைத் துணியோடு வருவான், நான் காரை அனுப்புவேன், அது அம்பாரத்துக்குப் பின்னால் நாளைக்குள் நுழைந்து, நாளையத் தெருவில் ஓடி, என் வீட்டு அடுப்படி வரை போய்த் திரும்பும், அவன் சக்கரங்களைத் துடைத்துத் துணியை வெளிச்சத்தில் பிடிப்பான், வெள்ளைப் புழுதி என்றால் நல்ல வெயில், நாளைக்கு வாரலாம், சேறு என்றால் இன்றைக்கே அம்பாரத்துக்குத் தார்ப்பாய், டீசல் பிசுக்கு என்றால் லாரி வரும், மூட்டை தைத்து வை, மீன் செதில் ஒட்டியிருந்தால் மீன்காரி வருவாள், பெண்கள் இன்றைக்கே புளியை ஊறப் போட்டுவிடுவார்கள். ரிமோட்டை நான் யாரிடமும் கொடுப்பதில்லை. ஒரு நாள் எவளோ காரின் நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டாள். அழித்துவிட்டு, இன்னொரு தடவை வைத்தால் காரை உடைத்துவிடுவேன் என்று சத்தம் போட்டேன்.

உபகாரம்தான். ஆனால் அதற்கப்புறம் தெருவில் ஒருத்தராலும் உட்கார முடியவில்லை. டீக்கடை பெஞ்ச் காலியாகக் கிடக்க, நின்றுகொண்டே குடித்துவிட்டுப் பாதி டம்ளரை வைத்துவிட்டுப் போனார்கள், நாளைக்கு வரும் லாரிக்காக இன்றைக்கே ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், நாளைக்குப் போட வேண்டிய சண்டையை இன்றைக்கே போட்டுவிட்டு நாளைக்கு என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடியும் போட்டார்கள், தூங்கும் ஆட்கள் தூக்கத்திலேயே காலை ஆட்டிக்கொண்டிருப்பதாக வீட்டுக்கு வீடு சொன்னார்கள். பக்கத்து வீட்டு ஜெபமணி, உப்பு வாருகிறவள், எங்களுக்குத் தண்ணீர் எடுத்துத் தருகிறவள், உப்பு முற்றும் முன்னமே பாத்தியில் இறங்கி வாரி, தண்ணீரும் சுண்ணாம்புமாக அள்ளிக்கொண்டு வந்து நின்றாள்.

"ஏட்டி, கண்ணு அவிஞ்சு போச்சா? விளையலையே," என்றான் லிங்கதுரை.

"நாளைக்கு விளைஞ்சிரும்லா," என்றாள் அவள். "அதான் இன்னைக்கே வந்துட்டேன்."

இரண்டு செல்லுக்கு ஒரு நாள். கணக்கு அதுதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எட்டு போட்டால் நாளன்றைக்கு. இன்னும் கூட்டச் சொல்லி லிங்கதுரை நச்சரித்தான். மாட்டேன் என்றேன். மோட்டார் தாங்காது என்று காரணம் சொன்னேன். மோட்டார் தாங்கும்.

வடிவுக்கு என்னைத் தெரியும். ஒரு மத்தியானம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"எனக்கு எத்தன செல்லு வேணும்?"

நான் வெளியே போய்விட்டேன். முழங்கால் வலிக்க வலிக்க அம்பாரத்தை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு வந்தேன். அவள் தூங்கவில்லை.

வைகாசி பிறக்க இரண்டு நாள் இருந்தது. அன்றைக்குச் சாயங்காலம் கார் திரும்பி வந்தபோது லிங்கதுரை துணியை எடுத்தவன் துடைக்காமல் நின்றுவிட்டான். சக்கர இடுக்கெல்லாம் ரோஜா இதழ். செவ்வந்தி. நசுங்கிய பொரி.

எங்கள் பக்கம் பொரியும் பூவும் சேர்ந்து தெருவில் விழுவது ஒன்றுக்குத்தான். ஷெட்டில் பத்துப் பேர் இருந்தார்கள். ஒருத்தரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லாரும் அம்பாரத்தைப் பார்த்தார்கள், அம்பாரத்துக்கு அந்தப் பக்கம் இருந்த என் வீட்டை, சுவரில்லாமல், உப்பில்லாமல் பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

"கல்யாணமா இருக்கும்," என்றேன்.

"கல்யாணத்துக்கு யாரு பொரி எறியுதா?" என்று கேட்டுவிட்டு ஜெபமணி வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான் வீட்டுக்குப் போகும் முன்னே செய்தி வீட்டுக்குப் போயிருந்தது.

"என்ன பூவாம்?" என்றாள் வடிவு.

"ரோஜா. செவ்வந்தி."

"ரோஜாவா! பரவால்லியே. உசிரோட இருக்கையில ஒரு முழம் வாங்கித் தந்ததில்ல." சிரித்தாள். சிரித்தால் மூச்சு வாங்கும். வாங்கியது. "இங்கன செத்த உக்காருங்க."

எங்கே உட்கார்வது? எழுந்தேன், நடந்தேன், டாக்டருக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை, காரைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ஊசியால் இதழ்களை ஒவ்வொன்றாகக் குத்தி எடுத்தேன், எடுத்து எண்ணினேன், எண்ணிக்கொண்டிருந்தபோதுதான் எனக்குப் பட்டது. பூ இருக்கிறது. பொரி இருக்கிறது. வேறொன்றும் இல்லை.

தெருவுக்குப் போய் நின்றேன். விளக்கு வைக்கிற நேரம்.

"நாளைக்கு இந்தத் தெருவுல பூ விழணும், பொரி விழணும்," என்றேன். "சக்கரம் சொன்னது அவ்வளவுதான். பொணம் வேணும்னு அது சொல்லல. விடிஞ்சதும் நாமளே எறிஞ்சிருவோம். கணக்கு தீந்துது."

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அது எப்படிச் சாத்தியம் என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை, முறைதான் கேட்டார்கள்: வெறும் ரோட்டில் பூ எறிந்தால் பூ ஏமாந்துபோகாதா, அப்படியென்றால் பாடை வேண்டும், வெறும் பாடை தூக்கினால் அது ஆள் கேட்காதா, அப்படியென்றால் மேலே ஏதாவது வைக்க வேண்டும், என்ன வைப்பது, வாழைமரம் வைக்கலாமென்று ஒருத்தன், வாழைமரத்தைக் கல்யாணத்துக்கல்லவா கட்டுவார்கள் என்று இன்னொருத்தன்.

"ஒரு மூட்டை உப்பு வைப்போம்," என்றான் லிங்கதுரை. "நம்ம ஊர்ல தெனமும் சாகுறது அதுதான்."

"சுடுகாட்டுல உப்பு வேகாது," என்றாள் ஜெபமணி.

"ஓடையில கரைச்சிரலாம்."

"தீச்சட்டி?"

"தீச்சட்டி வேண்டாம்," என்றேன். அதில் மட்டும் நான் விடவில்லை.

விடிந்ததும் லிங்கதுரை பைக்கில் போய் இரண்டு கூடைப் பூவோடு வந்தான். பச்சைத் தென்னோலை முடைந்தார்கள். செட்டு மேளம் வந்தது, செத்தது யார் என்று மேளக்காரர்கள் கேட்டார்கள், உப்பு என்றோம், சரி என்று தோலைக் காயவைக்கப் போனார்கள். உப்பு மூட்டைக்கு வேட்டி கட்டி, மாலை போட்டு, நாலு பேர் தூக்கினார்கள். நான் முன்னால் நடந்தேன். பூ விழுந்தது, பொரி விழுந்தது, வெடி வெடித்தது, மேளத்துக்கு ஆடினார்கள், பெண்கள் வாசலில் நின்று ஒரு மரியாதைக்காக ஒப்பாரி ஆரம்பித்தார்கள். ஜெபமணிதான் முதலில் எடுத்தாள். "வெள்ளையா வந்தவரே, வெயிலுக்கு வாழ்ந்தவரே" என்று உப்பைப் பார்த்துச் சிரிப்பும் பாட்டுமாகத் தொடங்கினவள், நாலாவது அடியில், மூன்று வருஷத்துக்கு முன் சொல்லாமல் கேரளாவுக்குப் போய்விட்ட தன் புருஷன் பேரை இழுத்தாள், அதற்கப்புறம் அவளைப் பிடிக்க முடியவில்லை, அவளைப் பார்த்து அடுத்த வீட்டுக்காரி, அவளைப் பார்த்து அதற்கடுத்தவள், தெரு முழுக்க ஒவ்வொருத்தியும் அழாமல் வைத்திருந்த ஒன்றை எடுத்து அந்த மூட்டை மேல் போட்டு அழுதாள். தூக்கினவர்கள், பாடை கனக்கிறது என்றார்கள்.

என் வீட்டு வாசலுக்கு வந்ததும் மேளம் தானாகத் தணிந்தது. வடிவு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏல, மெதுவா எறிங்கல, பூவெல்லாம் சாக்கடையில போகுது," என்றாள். "ரோஜாவுல கொஞ்சம் இங்கன தா. தலையில வைக்க."

ஜெபமணி அழுத முகத்தோடு ஒரு கை ரோஜா கொண்டுபோய்க் கொடுத்தாள். வடிவு பாதியைத் தலையில் செருகிக்கொண்டு மீதியை உப்பு மூட்டை மேல் எறிந்தாள். குறி தப்பி என் மேல் விழுந்தது.

ஓடையில் உப்பைக் கரைத்தோம். எல்லாரும் குளித்தோம். வீடு திரும்பினேன். வடிவு முக்காலியில் உட்கார்ந்து சோறு பொங்கிக்கொண்டிருந்தாள், தினமும் அந்த ஒரு வேளைதான் அவளால் முடியும். அன்றைக்கு ஊரில் ஒருத்தரும் சாகவில்லை.

தப்பித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். எனக்கு அப்போதாவது கால் ஓய்ந்திருக்க வேண்டும். ஓயவில்லை. நாளைக்கு மறுபடி பூ வந்தால்? நாளன்றைக்கு வந்தால்? ஆடி வரை எத்தனை மூட்டை உப்பு தூக்குவது? சோற்றை நின்றுகொண்டே தின்றேன்.

"உக்காந்து தின்னுங்க," என்றாள். உட்காரவில்லை. தட்டைக் கழுவப் போனவனைக் கூப்பிட்டாள். "நான் அன்னைக்கு ஒண்ணு கேட்டேன்."

"அது வேண்டாம்."

"என்ன வேண்டாம்? நான் எதக் கேட்டேன்னு தெரியுமா உங்களுக்கு? என் தேதியக் கேட்டேன்னு நெனச்சீங்களா? அது எனக்கு எதுக்கு? ஆடின்னு டாக்டர் சொன்னது வராந்தாவுல இருந்து உள்ள கேட்டுச்சு. அவரு என்ன ரகசியமாவா பேசுதாரு?" மூச்சு வாங்கிக்கொண்டாள். "ஆடிக்குப் பொறவு இந்த வீடு எப்படி இருக்குன்னு பாக்கணும். ஆவணிக் கடைசிக்கு அனுப்புங்க."

அடுப்படி வாசலில் நின்று கணக்குப் போட்டேன். நூற்றிருபது நாள். நாளுக்கு இரண்டு. அடியில் நாலு. "இருநூத்து நாப்பத்து நாலு செல்லு. எங்க போக?"

அவள் என்னிடம் மேற்கொண்டு பேசவில்லை. ஜன்னல் வழியாகத் தெருவைக் கூப்பிட்டாள். "ஏ ஜெபமணி! உங்கிட்ட செல்லு இருக்காட்டி?"

ஜெபமணி தன் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தை இறக்கி, முதுகைத் திறந்து, செல்லை உருவிக்கொண்டு வந்தாள். எதற்கு என்று அப்புறம்தான் கேட்டாள். அதற்குள் தெரு பின்னாலேயே வந்துவிட்டது. கடிகாரச் செல், டார்ச் லைட் செல், டிவி ரிமோட் செல், ரேடியோ செல், சர்ச் சுவரில் இருந்த பெரிய கடிகாரத்தின் செல், டீக்கடையில் பாடும் பிள்ளையாரின் வயிற்றிலிருந்து இரண்டு, தடியும் மெலிவுமாக, புதிதும் பாதியுமாக, மடியிலும் முந்தானையிலும் கொண்டுவந்து வாசலில் கொட்டினார்கள். ஒரு மணி நேரத்தில் நெடுந்தருவையில் ஓடும் கடிகாரம் ஒன்றுகூட இல்லை. மணி என்ன என்று யாருக்கும் தெரியவில்லை. அத்தனை நாளுக்கப்புறம் டீக்கடை பெஞ்சில் ஆட்கள் உட்கார்ந்திருந்ததை அன்றைக்குப் பார்த்தேன்.

இரண்டு நாள் பற்றவைத்தேன். விரலெல்லாம் வெந்தது. காரின் முதுகு போதாமல், பின்னால் பனையோலைப் பெட்டிகளை ரயில் மாதிரிக் கோத்து, அதில் வரிசை வரிசையாக அடுக்கி, மூன்றாம் நாள் மத்தியானம் தெரு முழுக்க நிற்க, ரிமோட்டை அழுத்தினேன். போனது. பெட்டி பெட்டியாக அம்பாரத்துக்குப் பின்னால் நுழைந்து, கடைசிப் பெட்டியும் மறைந்தது.

ஒரு டீ நேரம் ஆயிற்று. வரவில்லை. பத்து டீ நேரம் ஆயிற்று. ஒருத்தரும் வீட்டுக்குப் போகவில்லை. வெயில் சாய்ந்து அம்பாரம் சிவந்தபோது வந்தது. ஓடி வரவில்லை, உருண்டு வந்தது. பெட்டிகளில் ஒன்றுகூட இல்லை. மோட்டார் கருகி நாறியது. இனி ஓடாது என்று தொடாமலே தெரிந்தது.

"அண்ணாச்சி, ஆவணியில மழை உண்டா? துணியில ஒரு துடைப்பு..." என்று லிங்கதுரை ஓடிவந்தான்.

"போவே அங்கிட்டு."

காரை நெஞ்சோடு அணைத்து எடுத்துப்போய், வீட்டுக் கதவைச் சாத்தி, வடிவின் மடியில் வைத்தேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். ஒவ்வொரு சக்கரமாகத் திருப்பினாள். அச்சைச் சுற்றி ஒட்டடை, நூல் நூலாக. காய்ந்து பொடிந்த வேப்பிலை. ஒரு செத்த எறும்பு. நகத்தால் இடுக்கெல்லாம் கிண்டினாள். ஒன்றைத் தேடினாள். கிடைக்கவில்லை. மறுபடி தேடினாள்.

"வேப்பிலைய விடுங்க, முற்றம் பெருக்க மாட்டீங்கன்னு தெரியும்," என்றாள். "அடுப்படி வரைக்கும் போயிட்டு வந்திருக்கு. ஒரு பருக்கை இல்ல. ஒரு அரிசி இல்ல. எறும்பே பட்டினியில செத்திருக்கு."

நான் சுவரைப் பார்த்தேன்.

"என்ன தின்னுதீங்க அங்க?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் இன்னும் போகல."

"டீயும் பீடியும்தான். வேற என்ன." அவள் முகம் சுருங்கியது. பூ விழும் என்றபோது சிரித்தவள், ஒப்பாரியை ஜன்னலில் உட்கார்ந்து கேட்டவள், அந்தக் காலிச் சக்கரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை. கதவைத் திறந்துகொண்டு போய்விடலாம் என்று எழுந்தேன்.

"எங்க போறீங்க? அரிசியை எடுங்க."

"இப்பவா?"

"பொறவு ஆவணியிலயா? தூக்குச் சட்டியில இருக்கு. அரைப்படி."

எடுத்தேன். கழுவச் சொன்னாள், கழுவினேன். இரண்டு தடவை என்றாள், கழுவினேன். கல் பார்த்தீங்களா என்றாள், பார்த்தேன். பானையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன்.

"எவ்வளவு ஊத்தினீங்க?"

"ரெண்டு செம்பு."

"செம்புக் கணக்கு எனக்குத் தெரியாது. அரிசி மேல விரல நிறுத்திப் பாருங்க. மொதக் கணு வரைக்கும் தண்ணி நிக்கணும்."

விரலை வைத்தேன். வெந்த விரல், எரிந்தது. "நிக்குது."

"யாரு கணு?"

"என் கணு. இங்க வேற யாரு இருக்கா?"

"உங்க விரல் உலக்கை. அது கஞ்சியாப் போகும். இங்கன கொண்டாங்க."

பானையைத் தூக்கிக்கொண்டு போனேன். கட்டிலில் இடமில்லை, காரை எடுத்துக் கீழே போட்டுவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, பானையை மடியில் வைத்துக்கொண்டேன். வடிவு கண்ணைத் துடைத்த கையைச் சேலையில் துடைத்துவிட்டு, ஆள்காட்டி விரலைத் தண்ணீருக்குள் விட்டாள். சுண்டுவிரலைப் போல மெலிந்திருந்தது. கணு முங்கியிருந்தது. ஒரு கை அள்ளி வெளியே விட்டாள், இன்னொரு கை விட்டாள், என் வேட்டி நனைந்தது.

"இப்ப உங்க விரல வைங்க. என் விரலுக்குப் பக்கத்துல."

வைத்தேன். அரிசி மேல் இரண்டு விரல் நின்றன. தண்ணீர் அவள் கணுவில் நின்ற இடம், என் விரலில் நகத்துக்கு மேலே ஒரு நெல் அளவு தள்ளி வந்தது.

"பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"அவசரப்படாம பாருங்க."

பார்த்துக்கொண்டிருந்தேன்.